உள்ளே ஒரு சொட்டுகூட வரக் கூடாது! 2 டிகிரி தண்ணீரில் இறங்க எந்த டிரைசூட்? - ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா அனுபவம்

கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். அடியில் கிடக்கும் பாறையின் கீறல்கூட மேலே நின்றபடியே தெரிகிறது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால், அதே கையை ஒரு நிமிடம் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னால், பலரும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். கோடையானாலும் குளிர்காலமானாலும் இந்தத் தண்ணீர் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த தண்ணீர் பாட்டிலும் ஏறக்குறைய இதே குளிர்ச்சிதான்.

இதற்குள் அரை மணி நேரம் மூழ்கிக் கிடப்பதற்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் மனிதர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது உடலைச் சுற்றிய ஒரே ஓர் உடை... டிரைசூட்!

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது திங்வெட்லிர் தேசியப் பூங்கா. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு இது வெறும் சுற்றுலாத் தலம் அல்ல. கி.பி. 930-ல் அவர்களுடைய ஆல்திங் சபை முதன்முதலில் கூடிய இடம் இது. 1944-ல் ஐஸ்லாந்து குடியரசு பிரகடனம் செய்யப்பட்டதும் இங்கேதான். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வட அமெரிக்கக் கண்டத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கும் பூமி இது. அந்த இழுபறியில் தரை பல இடங்களில் பிளந்து கிடக்கிறது. அப்படித் தண்ணீர் நிறைந்து நிற்கும் பிளவுகளில் ஒன்றுதான் சில்ஃப்ரா. 'ஒரு கை அமெரிக்காவில், ஒரு கை ஐரோப்பாவில்' என்று இங்கே எடுக்கப்படும் புகைப்படங்கள் இணையத்தில் ஏராளம். பார்க்க அழகுதான். ஆனால், தட்டுகள் விலகும் பள்ளத்தாக்கு பல கிலோமீட்டர் அகலமானது. சில்ஃப்ரா அதற்குள் இருக்கும் பல கீறல்களில் ஒன்று. புகைப்படத்துக்காகக் கண்டங்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே!

வடக்கே லாங்யோகுல் என்ற பெரிய பனிப்பாறை. அது உருகி வரும் நீர் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளின் நுண்துளைகளுக்குள் புகுந்து, பல பத்தாண்டுகள் நிலத்துக்கடியிலேயே ஊர்ந்து, வடிகட்டப்பட்டு இங்கே ஊற்றாக வெளிவருகிறது. அதனால்தான் 100 மீட்டர் தூரம் வரை பார்க்க முடிகிற தெளிவு. அதனால்தான் எந்தப் பருவத்திலும் மாறாத குளிரும். நீர் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதால் பனிக்காலத்தில்கூட உறைவதில்லை.

நனையாமல் இருப்பது வேறு... குளிராமல் இருப்பது வேறு!

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா பழகியவர்களுக்குத் தெரிந்தது வெட்சூட். பஞ்சு போன்ற நியோப்ரீன் ரப்பரில் தைத்த, உடம்பை ஒட்டிய உடை. அதற்குள் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் மெல்லிய படலமாகத் தங்கி உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். 28 டிகிரி கடலுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் தாராளம்.

சில்ஃப்ராவில் அந்தக் கதை நடக்காது. காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சிவிடும் தன்மை தண்ணீருக்கு உண்டு. 2 டிகிரியில் விரல்கள் முதலில் மரத்துப்போகும். பட்டனை அழுத்த முடியாது, கொக்கியைக் கழற்ற முடியாது. அதன்பிறகுதான் உடம்பு நடுங்கத் தொடங்கும். எனவே இங்கே மூழ்குபவர், தண்ணீரின் மேல் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கலிங் பயணி என எல்லோருக்குமே டிரைசூட்தான் வழக்கம்.

டிரைசூட் என்றதும் பலரும் நினைப்பது 'சூடான சூட்' என்று. முதல்முறை வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். டிரைசூட்டின் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது மட்டும். சூட்டைப் பிடித்துவைப்பது உள்ளே போட்டிருக்கும் உடையும், அந்த உடை தேக்கி வைத்திருக்கும் காற்றும். மார்கழிக் குளிரில் மழைக்கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே போனால் என்ன ஆகும்? அதேதான்.

அதனால் செலவைத் திட்டமிடும்போது உள்ளாடையைக் கடைசியில் வைக்கக் கூடாது. உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை. அதன்மேல் தடித்த ஃபிளீஸ் அல்லது பஞ்சு அடைத்த முழு உடுப்பு. காலுக்குக் கம்பளி சாக்ஸ். பருத்தி வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப்போல் இதமான துணி கிடையாது. ஆனால், வியர்வையில் நனைந்த பருத்தி குளிரில் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கிவிடும். சில்ஃப்ராவுக்கு ஜீன்ஸோடு வந்து அதன்மேலேயே சூட்டை மாட்டிக்கொள்ள நினைப்பவர்களை வழிகாட்டிகள் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான்.

இரண்டு துணி, இரண்டு குணம்

சந்தையில் இருக்கும் டிரைசூட்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வெட்சூட் தைக்கும் அதே நியோப்ரீனில் செய்தது. இன்னொன்று, 'டிரைலேமினேட்'. நைலான் அல்லது பாலியஸ்டர் துணி இரண்டுக்கு நடுவே ரப்பர் படலத்தை வைத்து ஒட்டிய மூன்றடுக்குத் துணி.

நியோப்ரீனுக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் இருப்பதால் அதற்கென்று கொஞ்சம் கதகதப்பு உண்டு, மிதவையும் உண்டு. கிழிந்து தண்ணீர் புகுந்தாலும் முழுக்கக் கைவிடாது. உடம்பின் வளைவுக்கு இழுத்துக் கொடுக்கும். சில்ஃப்ராவில் ஸ்நார்க்கலிங் பயணிகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் மாட்டிவிடுகிறார்கள். நீச்சல் சுமாராகத் தெரிந்தவரைக்கூட அது மூழ்க விடாமல் மேலேயே வைத்திருக்கும்.

மூழ்குபவருக்கு அந்தக் குமிழ்களே தொந்தரவாகலாம். கீழே போகப்போக நீரின் அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்கும். சூட் மெலியும், கதகதப்பு குறையும், மிதவையும் குறையும். இதைச் சமாளிக்க முன்கூட்டியே நசுக்கித் தயாரித்த நியோப்ரீனும் வந்துவிட்டது. இன்னொரு சிக்கல் எடை. நனைந்த நியோப்ரீன் சூட் காய நேரம் பிடிக்கும், விமானப் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

டிரைலேமினேட் இதற்கு நேர்மாறு. லேசானது, சீக்கிரம் காயும், மடித்து எடுத்துப் போகலாம். எந்த ஆழத்திலும் துணி ஒரே மாதிரி இருக்கும். உள்ளே போடும் உடையைக் கூட்டிக் குறைத்து, ஒரே சூட்டை 2 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் பயன்படுத்தலாம். ஆனால், துணிக்கென்று கதகதப்பு துளியும் கிடையாது. இழுத்துக் கொடுக்காது என்பதால் கொஞ்சம் தொளதொளவென்றுதான் தைத்திருப்பார்கள். தண்ணீர் புகுந்துவிட்டால் குளிர் நேராக உடம்புக்கு வரும். அதோடு, கரையேறும்போது கால் பகுதியில் தேங்கிய தண்ணீரையும் சேர்த்துச் சுமந்து படி ஏற வேண்டும்.

அடிக்கடி பயணம் போய், பல ஊர்த் தண்ணீரில் மூழ்க நினைப்பவருக்கு டிரைலேமினேட்தான் கணக்குக்குச் சரிவரும். வீட்டுப் பக்கத்திலேயே குளிர்ந்த ஏரி வைத்திருக்கும் ஐரோப்பியர் நியோப்ரீனை விரும்பினால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கழுத்தில் இருக்கிறது சூட்சுமம்

துணி எதுவானாலும் தண்ணீர் உள்ளே வர முயலும் வாசல்கள் கழுத்தும் இரண்டு மணிக்கட்டும்தான். அங்கே இறுக்கமாக உட்காரும் வளையத்துக்கு 'சீல்' என்று பெயர். ஒருவர் சூட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இந்த சீலுக்குச் செலவிட்டாலே போதும், முக்கால்வாசிப் பிரச்னை தீரும்.

லேட்டெக்ஸ் சீல் மெல்லியது, நன்றாக இழுபடும், தோலோடு படிந்து நிற்கும். ஆனால், ஆயுள் குறைவு. வெயில், எண்ணெய்ப் பசை, கூர்மையான நகம் மூன்றுமே அதற்கு எதிரி. மாட்டும்போது வாசனை கலக்காத டால்கம் பவுடர் தூவிக்கொள்வார்கள். லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், அடிக்கடி கிழித்துக்கொள்பவர்களுக்கும் சிலிக்கான் சீல் வசதி. வளையத்தில் பொருத்தும் வகையாக இருந்தால், பயணத்தின் நடுவில் கிழிந்தாலும் கடைக்குப் போகாமல் தாமே மாற்றிக்கொள்ளலாம். நியோப்ரீன் சீல் முரட்டு உழைப்பாளி. கழுத்துக்கு இதம், சீக்கிரம் கிழியாது. ஆனால், அளவு கச்சிதமாக இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசியும்.

கசிவுக்குப் பயந்து பலரும் செய்யும் தவறு, கழுத்து சீலை ரொம்பவும் இறுக்கமாக வாங்குவது. இது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் இருக்கின்றன. அங்கே தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறைந்து தலைசுற்றலாம், மயக்கமே வரலாம். தரையில் நிற்கும்போதே முகம் கனத்துத் தலை கிறுகிறுத்தால் அந்த சீலோடு தண்ணீரில் இறங்கவே கூடாது. புது லேட்டெக்ஸ் சீல் இறுக்கமாக இருந்தால் அதிலுள்ள கோடுகளைப் பார்த்து ஒவ்வொரு வளையமாக வெட்டித் தளர்த்துவார்கள். சமையலறைப் பாத்திரத்தில் மாட்டி ஓர் இரவு விரித்து வைப்பவர்களும் உண்டு. அம்மாக்கள் கவனிக்கவும், இட்லிப் பானை காணாமல் போகலாம்!

சீலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தலைமுடி சிக்கினால்கூட அது தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுக்கும். நீண்ட கூந்தலை உயர்த்திக் கட்ட வேண்டும். கழுத்து வரை தாடி வைத்திருப்பவர் அந்த இடத்தில் மட்டும் மழித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று... மணிக்கட்டில் கட்டிய சாமி கயிறு. அதன்மேல் சீல் உட்கார்ந்தால் கயிறு திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அவிழ்க்க மனமில்லாவிட்டால் முழங்கைப் பக்கம் ஏற்றி, சீலைத் தாண்டி உள்ளே தள்ளிவிடலாம். தாலிச் சங்கிலிக்கும் இதே விதிதான். முழுதாக உள்ளே இறங்கிக் கிடந்தால் பிரச்னை இல்லை, சீலின் விளிம்பில் சிக்கினால்தான் வம்பு. வாட்ச், வளையல், மோதிரமெல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

மெலிந்த கைக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் நரம்புபோலத் தசைநாண்கள் புடைத்து, நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வழியாகக் கசியும். சீல் கொஞ்சம் நீளமாக இருந்தால் இது குறையும்.

ஜிப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. முதுகுப் பக்கம் இருந்தால் மூட இன்னொருவர் உதவி வேண்டும், மார்புக்குக் குறுக்கே இருந்தால் தானே மூடிக்கொள்ளலாம். உலோக ஜிப்புக்கு மெழுகு தடவிப் பராமரிக்க வேண்டும். அதை மடித்து வளைத்து வைத்தால் செலவு வைத்துவிடும்.

கடையில் அளவு பார்க்கும்போது வெறும் டி-ஷர்ட்டோடு போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. குளிருக்குப் போடப்போகும் உள்ளுடைகள் அத்தனையையும் அணிந்துதான் பார்க்க வேண்டும். குத்தவைத்து உட்கார முடிகிறதா? இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? முதுகில் சிலிண்டர் இருந்தால் அதன் வால்வைத் தொடும் அளவுக்குக் கை போகிறதா? அதற்காக ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்தாலும் ஆபத்துதான். காலில் தொளதொளவென்று இடம் இருந்தால் அங்கே காற்று போய்ச் சேரும்.

காற்றோடு ஒரு கயிறு இழுக்கும் போட்டி

18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. சூட்டுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குபோலச் சுருங்கிவிடும். அப்போது துணி மடிப்பு மடிப்பாகத் தோலைக் கவ்வும். உள்ளுடையும் நசுங்கிக் கதகதப்பை இழக்கும். அதனால் மார்பில் உள்ள வால்வை அழுத்தி, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடுவார்கள்.

மேலே வரும்போது அதே காற்று விரியும். இடது மேற்கையில் உள்ள இன்னொரு வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். மறந்தால் உடம்பு பலூன்போல மேல்நோக்கி இழுக்கப்படும். வேகமாக மேலே வருவது நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் எவ்வளவு கெடுதல் என்பது ஸ்கூபாவின் முதல் பாடம். இதைவிடச் சங்கடமான நிலை, காற்று காலுக்குள் போய்ச் சேருவது. கால் மேலே, தலை கீழே என்று ஆகிவிடும். கையில் உள்ள வால்வு இப்போது கீழே இருப்பதால் காற்று வெளியேறவும் வழியில்லை. முழங்காலை வயிற்றோடு மடக்கி, குட்டிக்கரணம் அடித்து நிமிர வேண்டும். அதைப் படித்துக் கற்க முடியாது, ஆழம் குறைந்த நீரில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நாலைந்து முறை செய்து பழக வேண்டும்.

இதனால்தான் சில்ஃப்ராவில் ஸ்கூபா மூழ்குவதற்குச் சாதாரண ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும் போதாது. டிரைசூட் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள், அல்லது டிரைசூட்டில் 10 முறை மூழ்கியதற்கான பதிவுப் புத்தகம். 18 மீட்டருக்குக் கீழே போகத் தடை. தனியாக இறங்கத் தடை. குகைகளுக்குள் நுழையவும் தடை. இவையெல்லாம் அலங்கார விதிகள் அல்ல. சில்ஃப்ராவில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. 2017 மார்ச்சில் ஸ்நார்க்கலிங் செய்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து பிளவைத் தற்காலிகமாக மூடிவிட்டு, விதிகளை இறுக்கிய பிறகே திறந்தார்கள்.

பதிவுப் புத்தகத்தில் நான்கைந்து எண்ணிக்கையைக் கூட்டி எழுதிக்கொண்டு வருபவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. வழிகாட்டி கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால், 15 மீட்டர் ஆழத்தில் கால் மேலே போகும்போது அந்த நான்கைந்து உதவிக்கு வராது.

இன்னொரு கணக்கும் மாறும். உள்ளே காற்றும் தடித்த உடையும் இருப்பதால் உடம்பு கீழே இறங்க அடம்பிடிக்கும். அந்தமானில் இடுப்பில் கட்டிய ஈயக் குண்டுகளைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோகூடத் தேவைப்படலாம். நன்னீர் என்பதால் கடல்நீரைவிடக் கொஞ்சம் குறையும் என்பது மட்டும் ஆறுதல்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

நல்ல டிரைசூட் ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். உள்ளுடை, பராமரிப்பு, ஓரிரு ஆண்டுகளில் சீல் மாற்றும் செலவு எல்லாம் தனி. தமிழ்நாட்டுக் கடலிலோ அந்தமானிலோ அதைப் போட்டுக்கொண்டு இறங்க ஒரு காரணமும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை சில்ஃப்ராவைப் பார்க்க நினைப்பவர் வாங்குவது வீண். பயண நிறுவனங்களே சூட், உள்ளுடை, தலைக்கு உறை, கையுறை எல்லாம் தந்துவிடுகின்றன. முன்பதிவின்போது உயரம், எடை, காலணி அளவைக் கேட்பார்கள். அங்கே வெட்கப்பட்டு எடையில் ஐந்து கிலோவைக் குறைத்துச் சொன்னால், பொருந்தாத சூட்டோடு பனிக்காற்றில் நிற்க வேண்டியதுதான். குறிப்பிட்ட அளவுகளுக்கு மேலோ கீழோ இருப்பவர்களுக்கு சூட்டே இல்லாமல் போவதும் உண்டு. ஸ்கூபா சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஸ்நார்க்கலிங் போதும். தண்ணீர் அத்தனை தெளிவு என்பதால் மேலே மிதந்தபடியே பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

மாறாக, கனடாவிலோ நார்வேயிலோ ஸ்காட்லாந்திலோ வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட ஸ்கூபா ஆர்வலருக்கு சொந்த சூட் நியாயமான செலவு. அவரும் முதலில் வாடகை சூட்டில் பயிற்சி முடித்து, தன் உடம்புக்கு எங்கே இறுக்குகிறது, எங்கே கசிகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவதே புத்திசாலித்தனம். பழைய சூட் மலிவாகக் கிடைத்தால் முதலில் ஜிப்பைப் பார்க்க வேண்டும். சீலை மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஜிப்பை மாற்றுவது பெரிய செலவு.

சில்ஃப்ராவின் வாகன நிறுத்துமிடத்தில் காலை முதலே வேன்கள் வரிசைகட்டி நிற்கின்றன. திறந்த வெளியில், சில நாட்களில் பனி தூறும்போதே, உடை மாற்றும் படலம் நடக்கும். சூட்டை மாட்டிய பிறகு கழிவறைக்குப் போவது லேசுப்பட்ட காரியம் அல்ல என்பதால், போக வேண்டியவர்கள் முன்னதாகவே போய்விட்டு வருகிறார்கள். பிறகு சிலிண்டர், ஈயக் குண்டு எல்லாம் சுமந்து நடை. உலோகப் படிக்கட்டில் இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த நொடியில் உதடுகள் மரத்துப்போகின்றன. உடம்பில் நேரடியாகக் குளிர் படும் இடம் அது மட்டும்தான்.

முதலில் வருவது பெரும் பிளவு. இரண்டு பக்கமும் கறுத்த பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்கின்றன. அடுத்து 'ஹால்', அதைத் தாண்டி 'கதீட்ரல்'. தேவாலயத்தின் நடுக்கூடம்போல நீண்டு விரிந்த அந்த இடத்தில்தான் தண்ணீர் இருப்பதே மறந்துபோகும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீலம் மட்டும். மீன்கள் அதிகம் இல்லை. பாறைகளில் பச்சைப் பசேலென்று தலைமுடிபோல ஆடும் பாசி. நீரோட்டமே மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் இடது பக்கம் திரும்பி, ஆழம் குறைந்த லகூனுக்குள் நுழைய வேண்டும். திரும்பத் தவறினால் ஓட்டம் பெரிய ஏரிப் பக்கம் இழுக்கும் என்பதால் வழிகாட்டி முன்கூட்டியே நாலு முறை சொல்லிவிடுவார்.

கரையேறியதும் சூடான சாக்லேட் பானமும் பிஸ்கட்டும் கிடைக்கும். விரல்கள் மரத்திருப்பதால் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஜிப்பைத் திறக்க, இன்னொருவர் கழுத்து சீலுக்குள் விரல்களை நுழைத்து விரித்துத் தலையை வெளியே எடுக்க உதவுகிறார். சூட் இடுப்புவரை இறங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றே. உள்ளுடையைத் தடவிப் பார்க்கிறார்கள். பலருக்கும் வலது மணிக்கட்டில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்... கேமராவை இறுக்கிப் பிடித்த கை!